நோயோடு இருப்பவரின் குயில்ட்: முடித்துக் கொடுப்பவர் எங்கே நிறுத்த வேண்டும்?

கேள்வி, ஜனவரி 9

மற்றவர்களுடைய குயில்ட்களை, அதாவது துண்டுத் துணிகளைக் கோர்த்துத் தைக்கும் மூன்றடுக்குப் போர்வைகளை, முடித்துக் கொடுக்கும் வேலை செய்கிறேன். மேல்துணியைத் தைத்துக்கொண்டு வருவார்கள். உள்பஞ்சும் அடித்துணியும் வைத்து, மூன்றடுக்கையும் சேர்த்துத் தைத்து, ஓரத்தைச் சுற்றி மூடும் ஓரப்பட்டி அடித்துக் கொடுப்பேன். சென்ற வாரம் ஒருவர் நான்கு மேல்துணிகளோடு வந்தார். கடுமையான நோய், சிகிச்சை நடக்கிறது. என் எண்ணம் இதுதான்: தையலில் இருக்கும் தவறுகளை எல்லாம் சரிசெய்து, அவர் ஒரு நூலைக்கூடத் தொட வேண்டியிராதபடி முடித்து, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கையில் கொடுத்துவிட வேண்டும். இதைவிட வேறென்ன உதவி இருக்க முடியும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 9, இரவு

சீக்கிரம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மற்ற இரண்டையும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நீங்கள் சொல்வதை அப்படியே செய்தவள் நான். எலும்புவரை பரவிய புற்றுநோயோடு ஓர் அம்மா என்னிடம் வந்தார். ஒன்பது மேல்துணிகள். ஒவ்வொன்றையும் மடித்து, யாருக்கு என்று ஒரு சீட்டெழுதி, குண்டூசி குத்தி வைத்திருந்தார். முதல் குயில்டை எடுத்து இரண்டு இரவு கண்விழித்து முடித்தேன். ஓரப்பட்டியையும் இயந்திரத்திலேயே சுற்றி அடித்தேன், நான்கு மூலையும் கத்தி மடிப்பாக. அவர் வாங்கி மடியில் விரித்தார். விரல் நேராக ஓரத்துக்குப் போனது. ஒரு முழு பக்கத்தையும் தடவிக்கொண்டே போனார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஓரத்தை எனக்கு வைத்திருப்பீர்கள் என்று நினைத்தேன்."

வேறு எதுவும் சொல்லவில்லை, நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார். மருந்து ஏற்றும் நாற்காலியில் நான்கு ஐந்து மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும், அங்கே கையில் வைத்துத் தைக்க ஒரு வேலை வேண்டும் என்று ஓரப்பட்டியைத்தான் மனத்தில் வைத்திருந்தாராம். அடுத்த முறை கேட்டபோதுதான் தெரிந்தது. அதை நான் பிடுங்கிக்கொண்டேன். நல்லெண்ணத்தோடுதான் பிடுங்கினேன், ஆனாலும் பிடுங்கினதுதான்.

ஆகவே என் பதில்: எதைச் செய்ய வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், எதைச் செய்யாமல் விட வேண்டும் என்று அவரிடம் கேளுங்கள்.

ஜனவரி 10

நேற்று விட்டுப்போனது ஒன்று. வரிசையையும் கேளுங்கள். ஒன்பதில் பேரக் குழந்தைக்கான நட்சத்திரக் கட்டம் போட்டதைத்தான் முதலில் கேட்பார் என்று நானாகவே முடிவு கட்டி, அதைத்தான் முதலில் முடித்திருந்தேன். அவர் கேட்டிருக்கக்கூடியது எல்லாவற்றிலும் எளிய ஒன்று, வெறும் நீள்சதுரத் துண்டுகளை வரிசையாகக் கோர்த்தது. அதற்குக் குத்தியிருந்த சீட்டில் "எனக்கு" என்று இருந்தது. ஒன்பது சீட்டையும் நான் படித்திருந்தேன். அந்த ஒரு சொல் மட்டும் என் கண்ணில் தங்கவில்லை.

ஜனவரி 12

தவறுகளைச் சரிசெய்வது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

அந்த ஒன்பது மேல்துணிகளையும் ஒருநாள் திருப்பிப் போட்டு, பின்பக்கத் தையலைப் பார்த்தேன். முடிக்கும் வேலை செய்பவர்கள் எல்லோரும் பார்ப்போம். எங்கே விட்டுப்போகும், எங்கே புடைக்கும் என்று அங்கேதான் தெரியும். முதல் இரண்டு மேல்துணிகளில் எந்தத் தையலை அளந்தாலும் சரியாகக் கால் அங்குலம். மடிப்பை இருட்டுத் துணி பக்கமாகத் திருப்பி அழகாக இஸ்திரி போட்டிருந்தார். நான்காவதில் தையல் ஓரத்தை நோக்கிச் சரியத் தொடங்குகிறது. ஆறாவதில் சில இடங்களில் அரைக்கால் அங்குலத்துக்கும் குறைவு; நூல் துணியின் பிசிறைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஏழாவதில் ஒரே தையலை இரண்டு முறை அடித்திருக்கிறார், முதல் முறை துணி சிக்காததால். எட்டாவதில் தையல் மறுபடி நேராகிறது. அந்த இடைவெளியில் மருந்தை மாற்றியிருந்தார்கள் என்று பின்னால் சொன்னார்.

அந்தத் தையலைப் பிரித்து, என் கையால் புதிதாக அடித்தால் அது யாருடைய குயில்ட்?

அதற்காகப் பிய்ந்துபோகட்டும் என்று விட முடியாது. நான் வைத்துக்கொண்ட கணக்கு இது. துவைத்தால் விட்டுப்போகும் என்றால் பலப்படுத்துவேன். பார்வைக்குக் கோணல் என்றால் தொட மாட்டேன். குறுகலான தையலைப் பிரிக்காமல், பின்பக்கத்தில் மெல்லிய ஒட்டுத்துணிப் பட்டையை இஸ்திரியால் ஒட்டி, மேலே குயில்டிங் கோடு, அதாவது மூன்றடுக்கையும் சேர்த்துப் பிடிக்கும் தையல், அந்த இடத்தின் இரண்டு பக்கமும் நெருங்கிப் போகும்படி கோலத்தை வளைத்துக்கொள்வேன். வெளியே பார்ப்பவருக்கு அது கோலத்தின் ஒரு வளைவு. உள்ளே அதுதான் தாங்கு.

ஒரு கட்டம் தலைகீழாக இருந்தது. கேட்டேன். சிரித்துக்கொண்டே, "இருக்கட்டும். அன்றைக்கு என் தலையும் அப்படித்தான் இருந்தது" என்றார். கேட்காமல் நிமிர்த்தியிருந்தால் அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைத்திருக்காது.

ஜனவரி 12, மாலை

மேல்துணியைச் சுற்றி வைக்கும் கரை அலையடிப்பது தவறா இல்லையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அது வேறு வகை. துணியை அளக்காமல் நீளமாக வைத்து அடித்துக்கொண்டே போய், மிஞ்சியதை வெட்டினால் கரை ஓரத்தில் நீண்டுவிடும். குயில்டிங்குக்கான பெரிய லாங்ஆர்ம் இயந்திரத்தில் ஏற்றினால் அந்த மிச்சம் ஏதாவது ஒரு மூலையில் மடிப்பாக விழுந்தே தீரும். நடுவில் ஓர் அளவும் இரண்டு ஓரத்தில் ஒவ்வோர் அளவும் எடுங்கள். ஓர் அங்குலத்துக்குள் வித்தியாசம் என்றால் உப்பலான உள்பஞ்சும் கொஞ்சம் நீராவியும் அதை விழுங்கிவிடும். இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் கரையைப் பிரித்து மறுபடி வைப்பதுதான் வழி. அப்போதும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். "கரையை எடுத்து மறுபடி வைக்கட்டுமா, நீங்களே வைக்கிறீர்களா?" என்ற ஒரே கேள்வி போதும்.

ஜனவரி 15

எந்த உள்பஞ்சு என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

முதலில் எடை. நல்ல உடம்புக்கு இதமாக இருக்கும் பாரம் எலும்பு வலிக்கிறவருக்குச் சுமை. மார்பில் தோலுக்கடியில் மருந்து ஏற்றும் போர்ட் வைத்திருப்பவர்கள் கழுத்துவரை கனத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டால் அந்த இடம் உறுத்தலாம். பருத்திப் பஞ்சு நல்லதுதான், ஆனால் கனம். முதல் துவைப்பில் பொதுவாக 3 முதல் 5 சதவீதம் சுருங்கவும் செய்யும். கம்பளிப் பஞ்சு லேசு, கதகதப்பும் அதிகம். அடிக்கடி வெந்நீரில் துவைக்க முடியாது. வாந்தி, வியர்வை, சிந்திய மருந்து என்று வாரம் இருமுறை துவைக்க வேண்டிய போர்வைக்கு நான் மெல்லிய பாலியஸ்டர் பஞ்சு வைக்கிறேன். பருத்திதான் உயர்ந்தது என்று பல வருஷம் வாதாடியிருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் வாதத்தைக் கைவிட்டுவிட்டேன்.

அடுத்தது நெருக்கம். அரை அங்குலத்துக்கு ஒரு கோடு என்று நிரப்பினால் போர்வை அட்டைபோல் நிற்கும், உடம்போடு குழையாது. இரண்டு மூன்று அங்குல இடைவெளியில் சுழித்து விடுங்கள். உள்பஞ்சின் உறையில் அதிகபட்ச இடைவெளி என்று போட்டிருப்பார்கள், அதைத் தாண்டாதீர்கள்.

அளவு: நாற்காலியில் போர்த்திக்கொள்ள என்றால் 40க்கு 50 அங்குலம் போதும். சக்கர நாற்காலி என்றால் இன்னும் குறைத்து 36க்கு 45. அதற்குமேல் போனால் தொங்கி சக்கரத்தில் சிக்கும்.

முடிச்சுப் போட்டுக் கட்டும் குயில்ட் வேண்டாம். சொட்டு மருந்துக் குழாய் அந்த நூல் குஞ்சங்களில் மாட்டிக்கொள்ளும். பொத்தான், உலோகக் கொக்கி, மணி எதுவும் வேண்டாம்.

கடைசியாக வாசனை. சிகிச்சையில் இருக்கும் பலருக்கு நமக்குத் தெரியாத வாசனைகூடக் குமட்டும். வாசனையில்லாத சோப்பில் ஒரு முறை துவைத்து, நன்றாக அலசி, முழுக்க உலர்த்திக் கொடுக்கிறேன். சாயம் போகிற சிவப்பு, கருநீலம் இருந்தால் முன்னாலேயே ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள்.

குண்டூசி! இதை முதலில் எழுதியிருக்க வேண்டும். வேலை தொடங்கும்போது எண்ணி எடுங்கள், முடிந்ததும் எண்ணி வையுங்கள். ஒன்று குறைந்தாலும் போர்வை என் வாசலைத் தாண்டாது. சில மருந்துகளால் விரல் மரத்துப்போனவருக்கு ஊசி குத்தினதே தெரியாது.

ஜனவரி 16

முதல் நாள் நான் எழுதியதற்கு ஒரு திருத்தம். ஒரு செவிலியர் சுட்டிக்காட்டினார். அவர் சொல்வது சரி.

ஓரப்பட்டியை அவர் தைக்க விட்டுவைப்பதுதான் எப்போதும் நல்லது என்பதுபோல் எழுதிவிட்டேன். பலவகை கீமோதெரபியில், மருந்து ஏற்றிய பிறகு பொதுவாக 7 முதல் 14 நாளுக்குள் இரத்த வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துவிடும். இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும் குறையலாம். அந்த நாட்களில் ஊசி குத்தினால் நமக்கு ஒரு துளி இரத்தம். அவருக்குக் காய்ச்சலும் மருத்துவமனையும் ஆகிவிடலாம். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்தவர்கள் அந்தக் கையைக் குத்தல், கீறல் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எனவே தைக்கலாமா, எந்த நாட்களில் தைக்கலாம் என்பதை அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அதை முடிவு செய்வது நம் வேலை இல்லை.

அந்த அம்மா மருத்துவரைக் கேட்டு, நாள் குறித்துக்கொண்டுதான் தைத்தார். அவருக்காக நான் செய்துவந்தது இவ்வளவுதான். ஓரப்பட்டியை முன்பக்கம் இயந்திரத்தில் அடித்து, பின்பக்கம் மடித்து, குண்டூசிக்குப் பதில் துணிக் கிளிப்புகளால் பிடித்துவைப்பேன். மூலை நான்கையும் நானே மடித்து இரண்டு தையல் போட்டுவிடுவேன், அங்கேதான் விரலுக்கு வேலை அதிகம். இருபது ஊசிகளில் நூல் கோர்த்து, ஒரு தடித்த அட்டையில் வரிசையாகச் செருகிக் கொடுப்பேன். மரத்த விரலால் தைக்க முடிகிறது, கோர்க்கத்தான் முடிவதில்லை என்று அவரே சொன்னார்.

இன்னொன்று. ஆக்ஸாலிபிளாட்டின் போன்ற சில மருந்துகளில் குளிர்ந்த பொருளைத் தொட்டாலே விரலில் சுரீரென்று ஏறும். எஃகு விரலுறை அவர்களுக்கு ஆகாது. தோல் விரலுறை வாங்கிக் கொடுங்கள், கத்தரிக்கோல் பிடியில் துணியைச் சுற்றுங்கள்.

ஜனவரி 21

பேசத் தயங்கும் ஒரு விஷயம்: அவரால் வந்து வாங்க முடியாமல் போனால் யாரிடம் கொடுப்பது?

கேளுங்கள். வேலைச் சீட்டிலேயே ஒரு வரி வைத்துக்கொண்டு எல்லா வாடிக்கையாளரிடமும் கேட்டால் யாருக்கும் உறுத்தாது. "நீங்கள் வர முடியாவிட்டால் இதை யார் வாங்கிக்கொள்வார்கள்?" என் சீட்டில் இப்போது அந்த வரி எல்லோருக்கும் இருக்கிறது. அந்த அம்மா ஒரு நொடிகூடத் தயங்காமல் ஒன்பது குயில்டுக்கும் ஒன்பது பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதினார். "எனக்கு" என்று சீட்டுக் குத்தியதற்கும் ஒரு பெயர் எழுதினார். தயங்கிக்கொண்டு நின்றவள் நான்தான்.

பெயர்த்துணியை இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள். ஒரு துண்டு பருத்தித் துணியின் பின்னால் ஃப்ரீசர் பேப்பரை (ஒரு பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூசிய தாள்), பூச்சுப் பக்கம் துணியில் படும்படி, இஸ்திரியால் ஒட்டினால் துணி நழுவாது. அழியாத மை பேனாவால் அவர் எழுதட்டும். உலர்ந்ததும் தாளை உரித்து, இஸ்திரியின் சூட்டில் மையை நிலைநிறுத்துங்கள். கை நடுங்கினால் எழுத்தும் நடுங்கட்டும், அதன்மேல் நீங்கள் எழுதாதீர்கள். குயில்டிங் தொடங்கும் முன்பே அந்தத் துணியை அடித்துணியில் தைத்துவிட்டால், குயில்டிங் கோடு அதன் ஊடாகவும் ஓடிப் பிடித்துக்கொள்ளும். பிறகு யாராலும் எளிதில் பிரிக்க முடியாது.

ஜனவரி 29

"நினைவுப் போர்வைக்கு என்ன கோலம் பொருத்தம்?" என்று ஒருவர் கேட்டிருப்பதைப் படித்தேன். அவர் சொல்வது இந்த நான்கு மேல்துணிகளைத்தான். இரண்டு நாள் அந்தச் சொல் என்னை விடவில்லை.

நினைவுப் போர்வை என்று ஒன்று இருக்கிறது, மறுக்கவில்லை. அமெரிக்காவில் அலபாமாவின் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில் மிசௌரி பெட்வே என்ற பெண், கணவர் இறந்தபின் 1942இல் அவருடைய வேலை உடுப்புகளைக் கிழித்து ஒரு குயில்ட் தைத்தார். முழங்கால் தேய்ந்த இடம், சட்டைப்பை இருந்த நிழல் எல்லாம் அதில் தெரியும். 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் விரித்த எய்ட்ஸ் நினைவு குயில்டில் 1,920 துண்டுகள். ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி, ஏறக்குறைய ஒரு கல்லறையின் அளவு. அவை இருப்பவர்கள் போனவர்களுக்காகத் தைத்தவை.

அதே 1942இல், உலகப்போரின்போது, ஜப்பானியர் சிங்கப்பூர் சாங்கி சிறையில் அடைத்த பெண்கள் மூன்று குயில்ட்கள் தைத்தார்கள். ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள், சதுரத்துக்கு ஒரு பெண், அதில் அவள் பெயர். மருத்துவமனையில் கிடக்கும் போர்வீரர்களுக்கு என்று அனுப்பினார்கள். வேறு முகாமில் இருந்த கணவர்களுக்கு அந்தப் பெயர்கள் ஒரு செய்தி: இவள் உயிரோடு இருக்கிறாள்.

நம் மேசைக்கு வருபவை சாங்கி வகை. தைத்தவர் இருக்கிறார். இருக்கிறேன் என்று சொல்லத்தான் தைக்கிறார். அதற்கு இறக்கையும் மேகமும் கோலமாகப் போட்டுக் கொடுக்காதீர்கள். அந்த அம்மா எனக்கு இட்ட ஒரே கட்டளை இது: "தேவதை, புறா எதுவும் வேண்டாம். இலை போடுங்கள், நிறைய இலை."

ஜனவரி 29, இரவு

மேலே எழுதியதில் குரல் சற்று உயர்ந்துவிட்டது. கேட்டவர் தவறான எண்ணத்தில் கேட்கவில்லை என்று தெரியும். கருத்தை மட்டும் வைத்துக்கொள்கிறேன், குரலைத் திரும்பப் பெறுகிறேன்.

பிப்ரவரி 4

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து எழுதியிருப்பதைப் படித்தேன். ஓரப்பட்டியை விட்டுவைக்கட்டுமா என்று கேட்டதற்கு அவருடைய வாடிக்கையாளர், "வேண்டாம், எனக்குக் களைப்பாக இருக்கிறது, முழுவதையும் நீங்களே முடித்துவிடுங்கள், கோணலையும் நேராக்குங்கள்" என்றாராம். இப்போது என்ன சொல்கிறீர்கள் என்கிறார்.

முழுவதையும் முடித்துக் கொடுங்கள், கோணலையும் நேராக்குங்கள் என்றுதான் சொல்கிறேன். நான் எழுதியதைப் படித்துவிட்டு அவரை ஊசி எடுக்க வற்புறுத்தினால், எனக்கு நேர்ந்ததே திருப்பிப் போட்டு உங்களுக்கும் நேரும். என்னிடம் வந்த அம்மா ஊசியைக் கேட்டார், உங்களிடம் வந்தவர் ஓய்வைக் கேட்கிறார். இரண்டையும் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

என் ஒன்பதிலும் எல்லாம் ஒரே மாதிரி நடக்கவில்லை. ஐந்தாவதில் மூன்று பக்கம் தைத்து, நான்காவது பக்கத்தில் ஒரு சாண் இருக்கும்போது நிறுத்தி அனுப்பிவிட்டார். ஊசி துணியிலேயே குத்தி நின்றது. மிச்சத்தை அதே ஊசியில், அதே நூலில் நான் தைத்தேன். அவருடைய தையல் அரிசி நீளம், என்னுடையது அதில் பாதி. சேருமிடம் பார்த்தால் தெரியும். அவர் கண்டுபிடித்து, "இங்கே நீங்கள் வந்திருக்கிறீர்கள்" என்று விரல் வைத்துக் காட்டினார்.

பிப்ரவரி 20

சின்ன எச்சரிக்கை. சூட்டில் மறையும் பேனாவால் கோலம் வரையாதீர்கள். இஸ்திரியில் மறைந்த கோடு கடுங்குளிரில் மறுபடி தெரியக்கூடும். நீரில் கரையும் நீலப் பேனா என்றால் முதலில் தண்ணீர், பிறகுதான் இஸ்திரி. மாற்றிச் செய்தால் நீலம் அப்படியே நிற்கும்.

மார்ச் 14

அந்த அம்மா எப்படி இருக்கிறார் என்று பலர் கேட்டுவிட்டீர்கள். நான் கடந்த காலத்தில் எழுதியதால் தவறாக நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது, மன்னியுங்கள். ஒன்பதும் முடிந்துவிட்டதால் அப்படி எழுதினேன். நோய் போகவில்லை, மருந்தும் நிற்கவில்லை. நோயோடு இருக்கிறார்.

சென்ற வாரம் பத்தாவதைக் கொண்டுவந்தார். சீட்டு இல்லை. யாருக்கு என்று கேட்டேன். "இன்னும் முடிவு செய்யவில்லை. அவசரமும் இல்லை, உங்கள் வரிசைப்படியே செய்யுங்கள்" என்றார். முதல் குயில்டில் இலைகளை மிகவும் நெருக்கிவிட்டதாக ஒரு குறையும் சொன்னார். நியாயமான குறைதான், துவைத்துத் துவைத்தும் அந்தப் போர்வை இன்னும் குழையவில்லை. குறித்துக்கொண்டேன்.

இன்று பத்தாவதை மேசையில் விரித்து அளந்தேன். நடுவில் 58 அங்குலம், இடது ஓரத்தில் 58 அரை, வலது ஓரத்தில் 60க்கு மேல். வலது கரையை எடுத்து மறுபடி வைக்க வேண்டும். நான் வைக்கட்டுமா, அவரே வைக்கிறாரா என்று கேட்க வேண்டும். இன்று அவருக்கு மருந்து ஏற்றும் நாள். நாளை மறுநாள் கேட்கிறேன்.